கடையை மூடச் சொல்றோம் சரி... குடிக்கிற மனுசனுக்கு என்ன வழி சொல்லப் போறோம்?



கொஞ்சம் நீளமான பதிவு. ஷேர் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க.

டாஸ்மாக் பத்தி நம்ம பக்கத்துல பேசாத வாரம் இல்ல. 2023-24ல் 45 ஆயிரம் கோடி, 2024-25ல் 48 ஆயிரம் கோடின்னு வருமானக் கணக்கை எல்லாருக்கும் எடுத்துச் சொல்றோம். 2003 நவம்பர்ல சில்லறை விற்பனையை அரசே கையில எடுத்ததுல இருந்து எந்த ஆட்சியும் அந்தக் காசை விட்டுக் குடுக்கலங்கிறதையும் சொல்றோம். "எங்க ஊருக்குள்ள கடை வேண்டாம்"னு அம்மாக்கள் ரோட்டுல உக்காந்தா நாமளும் கூட உக்காருறோம். இதெல்லாம் சரிதான். இனியும் செய்வோம்.

ஆனா ஒரு கேள்விக்கு நாம இன்னும் பதில் சொல்லல. நாளைக்கே கடையை மூடிட்டாங்கன்னு வச்சுக்குவோம். இருபது வருஷமா குடிச்சுப் பழகின ஒரு திருச்சுழிக்காரர் அன்னிக்குச் சாயங்காலம் என்ன செய்வார்?

இதுக்கான பதிலை 2020லயே தமிழ்நாடு பாத்துருச்சு. ஊரடங்குல மார்ச் 24ல இருந்து மே 7 வரைக்கும் கடைகள் மூடியே கிடந்துச்சு. அந்த நாட்கள்ல வார்னிஷ் குடிச்சு செத்தவங்க உண்டு. ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்துல கலந்து குடிச்சு செத்தவங்களும் உண்டு. கடை திறந்த அன்னிக்கு வெயில்ல கிலோமீட்டர் கணக்குல வரிசை நின்னுச்சு. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் 65 பேருக்கு மேல உயிரை எடுத்துச்சு. அங்க பக்கத்துலயே அரசு கடை இல்லாம இல்ல.

அதனால சொல்றேன். கடையை மூடுறது பாதி வேலை. மீதிப் பாதி வைத்தியம். அந்த மீதிப் பாதியைப் பத்தி எந்தக் கட்சி மேடையிலயும் யாரும் பேசுறதில்ல. நாமதான் பேசணும்.

▪️ கணக்கு என்ன சொல்லுது?

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தின தேசிய ஆய்வு 2019ல வெளியாச்சு. அதன்படி இந்தியாவுல சுமார் 16 கோடிப் பேர் மது குடிக்கிறாங்க. அதுல உதவி தேவைப்படுற நிலைமையில இருக்கிறவங்க 5.7 கோடி. இதுவரைக்கும் எல்லாரும் சொல்ற கணக்குதான். அதே அறிக்கையில இன்னொரு வரி இருக்கு. மதுவுக்கு அடிமையான 38 பேர்ல ஒருத்தருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைச்சிருக்கு. ஆஸ்பத்திரியில படுத்து வைத்தியம் பாத்தவங்க 180ல ஒருத்தர்.

சுகருக்கோ பிரஷருக்கோ இந்த நிலைமை இருந்தா சும்மா இருப்போமா? இதுக்கு மட்டும் ஏன் சும்மா இருக்கோம்? "அது நோய் இல்ல, திமிரு"ன்னு நம்ம மனசுல பதிஞ்சு போச்சு. அதான் காரணம்.

▪️ இப்போ நம்ம ஊர்ல நடக்கிற "வைத்தியம்"

அருப்புக்கோட்டை, காரியாபட்டி, திருச்சுழி, நரிக்குடி. இந்த நாலு ஒன்றியத்துலயும் ஒரு வீட்டுல குடிப்பழக்கம் முத்திப்போனா என்ன செய்றாங்க? நாலு வழிதான்.

முதல் வழி, திட்டுறது. மாமனார் திட்டுவார், மச்சான் திட்டுவான், ஊர்க்கூட்டத்துல நிக்க வச்சு நாலு பேர் முன்னாடி கேள்வி கேப்பாங்க. இது வேலை செய்யுமான்னு அமெரிக்காவுல வில்லியம் மில்லர்ங்கிற உளவியல் பேராசிரியர் ஆராய்ச்சியே பண்ணிருக்கார். 1993ல வெளியான அவரோட ஆய்வு முடிவு இதுதான்: ஆலோசகர் எவ்வளவுக்கு எவ்வளவு முகத்துக்கு நேரா மடக்கி மடக்கிப் பேசினாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு அந்த ஆள் ஒரு வருஷம் கழிச்சு அதிகமா குடிச்சிட்டு இருந்தார். படிச்ச ஆலோசகர் திட்டினாலே இந்தக் கதின்னா, ஊர்க்கூட்டம் திட்டினா என்ன ஆகும்னு யோசிங்க. மில்லர் சொன்ன மாற்று வழி ரொம்ப எளிசு. "ஏன் குடிக்கிற?"ன்னு கேக்காம, "குடியை விட்டா உனக்கு என்ன கிடைக்கும்னு நீ நினைக்கிற?"ன்னு கேளுங்க. விடணுங்கிற காரணத்தை அவர் வாயாலயே சொல்ல வைங்க. அடுத்தவன் சொன்ன காரணத்தைவிட, தானே சொன்ன காரணத்தைத்தான் மனுசன் பிடிச்சுக்குவான்.

ரெண்டாவது வழி, கோயில்ல கயிறு கட்டுறது. இதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஒரு தேதி குறிச்சு, சாமியையும் சொந்தக்காரங்களையும் சாட்சியா வச்சு, கையில ஒரு அடையாளத்தோட திரும்பி வர்றது சாதாரண விஷயம் இல்ல. பல பேர் அந்தக் கயித்தோட மாசக்கணக்குல நிக்கிறாங்க. "கயிறு கட்டிருக்கேன்ப்பா"ன்னு சொன்னா கூட்டாளியும் வற்புறுத்த மாட்டான். குறை கயித்துல இல்ல. சனிக்கிழமை சம்பளம் கையில வந்ததும், பழைய கூட்டாளி பைக்கை நிறுத்தினதும் என்ன செய்யணும்னு யாரும் அவருக்குச் சொல்லித் தரல. அதுக்குத்தான் ஆலோசனை. கயிறும் இருக்கட்டும், கவுன்சிலிங்கும் இருக்கட்டும்.

மூணாவது வழி, சோத்துல பொடி கலந்து குடுக்குறது. "அவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம்"னு பஸ்ல நோட்டீஸ் ஒட்டுவாங்க, யூடியூப்ல விளம்பரம் வரும். சொந்தங்களே, இதைத் தயவுசெய்து வீட்டுப் பெண்களுக்குச் சொல்லுங்க. டைசல்ஃபிராம்னு ஒரு மாத்திரை இருக்கு. அது உடம்புல இருக்கும்போது குடிச்சா நெஞ்சு படபடக்கும், பிரஷர் இறங்கும், உயிருக்கே ஆபத்து வரலாம். அதை டாக்டர் எழுதி, அந்த மனுசனுக்குத் தெரிஞ்சு, அவர் சம்மதத்தோடதான் குடுக்கணும். பேர் தெரியாத பொடியில என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

நாலாவது வழி, எங்கேயோ ஒரு "மறுவாழ்வு இல்லத்துல" கொண்டுபோய் அடைக்கிறது. நல்ல மையங்களும் இருக்கு. ஆனா பதிவு இல்லாம, டாக்டர் இல்லாம, வீட்டைப் பிடிச்சுப் பூட்டு போட்டு நடத்துற இடங்களும் இருக்கு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இந்த மாதிரி மையங்கள் பதிவு செஞ்சிருக்கணும். சேர்க்கிறதுக்கு முன்னாடி பதிவுச் சான்றிதழைக் கேளுங்க. கேக்குறது உங்க உரிமை.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிடுறேன். தினமும் நிறைய குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா முதல் ரெண்டு நாள்ல வலிப்பு வரலாம். ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாளுக்குள்ள ஆள் அடையாளம் தெரியாமப் பினாத்துறது, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுறதுன்னு ஆகலாம். "பேய் பிடிச்சிருக்கு"ன்னு கட்டிப்போட்டு வைக்காதீங்க. அது உயிரைக் குடிக்கிற நிலைமை. காலையில எந்திரிச்சதும் கை நடுங்குற ஆள் வீட்டுல இருந்தபடியே வைராக்கியத்துல நிறுத்தக் கூடாது. டாக்டர்கிட்ட போகணும். முதல் வாரம் மருந்து, அதுக்கப்புறம் மனசு.

▪️ கோவாவுல நடந்தது நம்ம ஊர்ல நடக்காதா?

"இதுக்கெல்லாம் பெரிய டாக்டர் வேணும், நம்ம கரிசக்காட்டுக்கு யாரு வருவா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. பதில் கோவாவுல இருக்கு.

அங்க சங்காத்ங்கிற தொண்டு நிறுவனம், அபிஜித் நட்கர்னி, விக்ரம் படேல் மாதிரியான மனநல ஆராய்ச்சியாளர்களோட சேர்ந்து, 10 ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல ஒரு ஆய்வு நடத்துச்சு. குடியால பாதிப்பு ஆரம்பிச்ச 377 ஆண்களை ரெண்டு பிரிவா பிரிச்சாங்க. ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம். இன்னொரு பிரிவுக்கு அதோட சேர்த்து அதிகபட்சம் நாலு தடவை பேச்சு ஆலோசனை. பேசினது யாரு? மனநல டாக்டர் இல்ல. பள்ளிப்படிப்பு முடிச்ச அந்தந்த ஊர் ஆட்கள். அவங்களுக்குப் பயிற்சி குடுத்து உக்கார வச்சாங்க. என்ன பேசினாங்க? குடியால உனக்கு என்ன நடந்துட்டு இருக்கு, கூட்டாளி கூப்பிட்டா எப்படி மறுக்கிறது, கோவமோ கவலையோ வந்தா பாட்டில் இல்லாம எப்படிச் சமாளிக்கிறது, மறுபடி வழுக்கினா எப்படி எந்திரிக்கிறது. அவ்வளவுதான்.

மூணு மாசத்துல அந்தப் பிரிவுல 36 சதவீதம் பேருக்குக் குடி கட்டுக்குள்ள வந்துச்சு. மத்த பிரிவுல 26. கடைசி ரெண்டு வாரத்துல ஒரு சொட்டு தொடாதவங்க 42 சதவீதம், மத்த பிரிவுல 18. ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தப்போ கட்டுக்குள்ள இருந்தவங்க 54 சதவீதம், மத்த பிரிவுல 32. லான்செட்லயும் பிளாஸ் மெடிசின்லயும் வெளியான முடிவு இது.

இது மந்திரம் இல்ல. கை நடுங்குற அளவுக்கு அடிமையானவங்களுக்கான ஆய்வும் இது இல்ல, அவங்களுக்கு டாக்டர் கட்டாயம் வேணும். மூணு மாசக் கணக்குல வீட்டுப் பெண்கள் மேல விழுற அடி குறைஞ்ச மாதிரியும் தெரியல. அதனால "அவர் கவுன்சிலிங் போறாரு, பொறுத்துக்கோ"ன்னு எந்தத் தங்கச்சிகிட்டயும் சொல்லாதீங்க. அடி விழுந்தா 181க்கு கூப்பிடணும், அது தனி விஷயம். ஆனா முத்திப்போறதுக்கு முன்னாடியே, சொந்த ஊர்லயே, நம்ம பிளஸ் டூ படிச்ச தம்பி தங்கச்சிகளை வச்சே இவ்வளவு செய்ய முடியும்னா, அதைச் செய்யாம இருக்கிறதுக்கு நமக்கு என்ன சாக்கு இருக்கு?

▪️ வீட்டுப் பெண்களுக்கு ஒரு ஆயுதம்

"அவர் வரவே மாட்டேங்குறாரே"ன்னு சொல்ற அக்காக்கள்தான் அதிகம். இதுக்கும் ஆராய்ச்சி இருக்கு. குடிக்கிறவர் வரலைன்னா வீட்டு ஆளுக்குப் பயிற்சி குடுங்கன்னு ராபர்ட் மேயர்ஸ்ங்கிற உளவியலாளர் ஒரு முறையை உருவாக்கினார். குடிக்காம வந்த அன்னிக்கு நல்லாப் பேசு, பிடிச்சதைச் சமைச்சுப் போடு. குடிச்சிட்டு வந்தா சண்டை போடாத, ஆனா அவர் பண்ணின அசிங்கத்தை மூடி மறைக்கவும் செய்யாத. வேலைக்கு லீவு சொல்லிக் குடுக்காத, கடனை நீ அடைக்காத. அவர் மனசு விட்டுப் பேசுற நேரம் பாத்து "டாக்டரைப் பாக்கலாமா"ன்னு கேளு. உன் பாதுகாப்பை மட்டும் எப்பவும் விட்டுக்கொடுக்காத.

1999ல 130 குடும்பங்களை வச்சு மூணு முறைகளை ஒப்பிட்டுப் பாத்தாங்க. இந்தப் பயிற்சி வாங்கின வீடுகள்ல 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தாங்க. சொந்தக்காரங்க எல்லாம் கூடி வளைச்சுப் பேசுற முறையில 30 சதவீதம். குடும்பத்தினர் ஆதரவுக் கூட்டத்துக்கு மட்டும் போன வீடுகள்ல 13 சதவீதம்.

நம்ம மகளிர் சுயஉதவிக் குழு ஒவ்வொண்ணும் மாசத்துக்கு ஒரு தடவையாவது கூடுது. அந்தக் கூட்டத்துல அரை மணி நேரம் இதுக்கு ஒதுக்க முடியாதா?

▪️ ஏன் திரும்பத் திரும்ப விழுறாங்க?

வியட்நாம் போர்ல ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்கள் ஊர் திரும்பினதும் என்ன ஆனாங்கன்னு லீ ராபின்ஸ்ங்கிற ஆய்வாளர் தேடிப் போய்ப் பாத்தாங்க. முதல் வருஷத்துல மறுபடி அடிமையானவங்க சுமார் 5 சதவீதம்தான். எல்லாருக்கும் ஆச்சரியம். முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு, அவங்க போதை பழகின இடத்தை விட்டே வந்துட்டாங்க.

நம்ம ஆளுக்கு நடக்கிறது இதுக்கு நேர் தலைகீழ். மதுரையிலயோ விருதுநகர்லயோ பத்து நாள் இருந்து நல்லா தெளிஞ்சு வர்றார். பஸ்ஸை விட்டு இறங்கினா அதே பஸ் ஸ்டாண்டு, அதே கூட்டாளி, அதே கடன், அதே வேலையில்லாத சாயங்காலம். மழை பொய்ச்சா மானாவாரிக் காட்டுல வேலை இல்ல. தறி ஓடலைன்னா கூலி இல்ல. கரிமூட்டம் போடுறவருக்கு நாள் முழுக்கப் புகையும் வெக்கையும். பொழுது சாஞ்சா லைட்டும் ஆளும் பேச்சும் இருக்கிற ஒரே இடம் டாஸ்மாக். அவர் வைராக்கியம் தோத்துப்போச்சுன்னு நாம சொல்றோம். அவரைத் தனியா அங்க கொண்டுபோய் நிறுத்தினது யாரு?

1973ல ஹண்ட், அஸ்ரின்னு ரெண்டு உளவியலாளர்கள் ஒண்ணு செஞ்சாங்க. சிகிச்சை எடுத்தவங்களுக்கு வேலை தேடிக் குடுத்தாங்க, குடும்பத்தோட சேத்து வச்சாங்க. பழைய சாராயக் கடை ஒண்ணையே குடி இல்லாத மன்றமா மாத்தி, சாயங்காலம் ஆட்கள் கூட இடம் ஏற்பாடு பண்ணினாங்க. வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவங்களைவிட இவங்க குடிச்ச நாட்கள் ரொம்பக் குறைவு.

கூல் லிப், கஞ்சா, வலி மாத்திரைன்னு போற நம்ம தம்பிகளுக்கும் இதுதான். கஞ்சாப் பழக்கத்துக்குன்னு அங்கீகரிச்ச மருந்தே கிடையாது. பேச்சும், வேலையும், விளையாட்டும், கூட நிக்கிற ஆளும்தான் மருந்து. போலீஸ் கேஸ் போட்டு அவன் படிப்பைக் கெடுத்தா பழக்கம் போகாது, எதிர்காலம்தான் போகும்.

இன்னொண்ணு. விட்டவர் மறுபடி குடிச்சா "அவ்வளவுதான் இவன்"னு கை கழுவாதீங்க. சிகிச்சை எடுத்தவங்கள்ல 40 முதல் 60 சதவீதம் பேர் ஒரு கட்டத்துல வழுக்கத்தான் செய்றாங்க. பிரஷர், ஆஸ்துமாக்காரங்க மருந்தை விட்டு மறுபடி நோய் கூடுறதும் இதே அளவுக்கு நடக்குதுன்னு மருத்துவ ஆய்வு சொல்லுது. சுகர் ஏறினவரை யாரும் ஊரை விட்டுத் தள்ளி வைக்கிறதில்லையே.

▪️ தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்ல

சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். 1980ல சென்னையில டிடிகே மருத்துவமனையைத் தொடங்கினார். 1989ல இருந்து மஞ்சக்குடி கிராமத்துலயே 15 நாள் முகாம் நடத்தினாங்க. ஆளை ஊரை விட்டுக் கொண்டுபோகல, வைத்தியத்தை ஊருக்குக் கொண்டுவந்தாங்க. குடும்பத்துக்கும் ஆலோசனை குடுத்தாங்க, ஊர்ப் பெரியவங்களையும் கூட நிக்க வச்சாங்க. 1992ல அவருக்குப் பத்மஸ்ரீ கிடைச்சது. டெல்டாவுல நடந்தது கரிசல்ல நடக்காதா?

▪️ நம்ம கோரிக்கை

1. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல இருந்து நடக்குது. யார் ஆரம்பிச்சாலும் நல்ல திட்டம் நல்ல திட்டம்தான். சுகர், பிரஷர் பாக்க வீட்டுக்கு வர்ற அந்த அக்காக்களே குடிப்பழக்கம் பத்தியும் நாலு கேள்வி கேட்டு வழிகாட்ட பயிற்சி குடுக்கணும். அதுக்குத் தனி ஊதியமும் தரணும்.

2. நாலு ஒன்றியத்துலயும் ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல பயிற்சி பெற்ற ஆலோசகர் இருக்கணும். பகல்ல கூலியை விட்டுட்டு யாரும் வர மாட்டாங்க. வாரத்துல ரெண்டு சாயங்காலமாவது இருக்கணும்.

3. முத்தின கேஸுக்கு அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையில படுக்கை, மருந்து, வாரம் தவறாம மனநல மருத்துவர். 2022ல விருதுநகர்ல மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. அந்த வசதி நரிக்குடி வரைக்கும் வந்து சேரணும்.

4. டாஸ்மாக் வருமானத்துல ஒரு பங்கைச் சட்டம் போட்டு இதுக்கே ஒதுக்கணும். யார் காசோ அது, அவங்களுக்கே வைத்தியமாப் போகட்டும்.

▪️ நம்ம கடமை

அரசைக் கேக்குறதுக்கு முன்னாடி நம்ம வீட்டைப் பாப்போம்.

குடிச்சிட்டு விழுந்து கிடக்கிறவர் வீடியோவை எடுத்து மீம் போடுறதை நம்ம ஐடி விங் பசங்க இன்னியோட நிறுத்தணும். அந்த முகத்தை அவர் மகளும் பாப்பா, அவ ஸ்கூல்ல கூடப் படிக்கிறவங்களும் பாப்பாங்க.

தேர்தல் நேரத்துல குவாட்டரும் பிரியாணியும் குடுத்து ஆள் சேக்குறது எந்தக் கட்சி செஞ்சாலும் தப்பு. நம்ம கட்சியில யார் செஞ்சாலும் தப்புதான். பகல்ல மதுவிலக்கு பேசிட்டு ராத்திரி பாட்டில் குடுத்தா நம்ம பேச்சை யார் நம்புவா? நிர்வாகிகள் கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல, இதை நம்ம பக்கத்துலயே எழுதித்தான் ஆகணும்.

கிளை அலுவலகம் கொடி ஏத்துற நாளைக்கு மட்டும் திறக்கிற இடமா இருக்க வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்குத் திறங்க. ஒரு கேரம் போர்டு, ரெண்டு பேப்பர், டீ, வெளியில வாலிபால் நெட். குடியை விட்டவர் வந்து உக்கார ஒரு இடம், "சாப்பிட்டியாப்பா"ன்னு கேக்க ஒரு ஆள். அவர் எந்தக் கட்சின்னு கேக்காதீங்க.

ஒரு குவாட்டர் 150 ரூபாய்னு வச்சுக்கிட்டாலும், தினம் ஒண்ணுன்னா வருஷத்துக்கு 54,750 ரூபாய். நம்ம பக்கத்துல ஒரு பிள்ளையோட காலேஜ் படிப்பு அந்தக் காசுல இருக்கு.

உதவி வேணும்னா: போதை மீட்பு தேசிய இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. பெண்களுக்கு 181. இந்த மூணு நம்பரையும் உங்க ஊர் டீக்கடையிலயும் ரேஷன் கடையிலயும் எழுதி ஒட்டுங்க. ஒட்டின போட்டோவை கமெண்ட்ல போடுங்க. எத்தனை ஊர் ஆச்சுன்னு ஞாயித்துக்கிழமை இதே பக்கத்துல பட்டியல் போடுறோம்.

#கடையைமூடு #வைத்தியத்தைத்திற #திருச்சுழி #அருப்புக்கோட்டை